ஒரு வரி விடாமல்

இந்த லேப்டாப்பில் அந்துருண்டை வாசம் வருகிறது. யாரோ இதைப் புடவைகளோடு சேர்த்து பீரோவில் பூட்டி வைத்திருந்திருக்கிறார்கள். திறந்து ஐந்து நிமிடம் ஆனதும் உள்ளே விசிறி சுற்ற ஆரம்பிக்கும். அந்தச் சூட்டோடு வாசம் முகத்துக்கு வரும். நீ இருந்திருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னாமா இது, யார் வீட்டு பீரோவையோ தூக்கினு வந்துட்டியா" என்று கேட்டிருப்பாய்.

என் பழைய லேப்டாப்பில் உன் தேங்காய் எண்ணெய் வாசம்தான் இருந்தது. சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்த கையைத் துடைக்காமல் வந்து உட்கார்ந்து அடிப்பாய். எத்தனை தடவை சொல்லியும் கேட்டதில்லை. எழுத்துப் பொத்தான்கள் வழுவழுவென்று ஆகி, விரல் இடம் கண்டுபிடிக்க எஃப் மேலும் ஜே மேலும் இருந்த சின்ன மேடுகூடத் தேய்ந்துவிட்டது. அது போன மாதம் நின்றுவிட்டது. மதர்போர்டு போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள்.

பிறவியிலேயே கண் தெரியாத என்னைப் பன்னிரண்டு வருடம் வரலாற்று டீச்சராக வகுப்பில் நிற்க வைத்தது அந்தப் பெட்டிதான். அந்தப் பெட்டியை நிற்க வைத்தது நீ. நீ போய் ஒரு வருடம் முடியப்போகிறது. இத்தனை நாள் உனக்கு எழுதவேண்டும் என்று தோன்றவில்லை. இப்போது எழுதுவதும் எரிச்சலில்தான். மூன்று வாரமாக நான் பட்ட பாட்டை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

திரையில் இருப்பதைத் தமிழில் வாசித்துக் காட்டும் அந்த மென்பொருள் உனக்கு நினைவிருக்கும். பயிற்சி மையத்தில் ஒரு சிடியில் போட்டுக் கொடுத்தார்கள். அதைச் செய்தவர்கள் எப்போதோ கைகழுவிவிட்டார்கள். அது விண்டோஸ் செவனில் மட்டும்தான் உட்காரும். வாங்கிய இந்த செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பில் இருந்தது டென். அதில் என் சிடியைப் போட்டால் ஒரு டிங் சத்தம், அதோடு சரி. "புதுசுல நல்ல நல்ல குரல் எல்லாம் இருக்கு டீச்சர், அத போட்டுக்கலாமே" என்று எல்லோரும் சொன்னார்கள். குரல் இருக்கலாம். ஆனால் பன்னிரண்டு வருடமாக நான் அடித்து வைத்த பாடக் குறிப்புகள் எல்லாம் அந்த மென்பொருளின் சொந்த வடிவத்தில் இருக்கின்றன. வேறு எதில் திறந்தாலும் பூச்சி பூச்சியாக ஏதோ வருகிறதாம். பென்டிரைவில் பத்திரமாக இருக்கிறது, என் காதுக்கு மட்டும் வராது. வாய் கட்டிப்போன ஆளைப் பக்கத்தில் உட்கார வைத்திருப்பது போல இருந்தது.

இதற்கு நடுவில் தலைமை ஆசிரியை கூப்பிட்டார். நல்ல மனுஷிதான், உனக்கே தெரியும். நாற்காலியை இழுத்து என் கைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"காலாண்டுக்கு மூணு வாரம்தாம்மா இருக்கு. உங்க லேப்டாப்பும் சரியில்லைன்றாங்க. இந்த வருஷம் மட்டும் ப்ளஸ் டூவ வேற டீச்சர்கிட்ட குடுத்துடலாமா? உங்களுக்கும் கொஞ்சம் ரெஸ்ட்டா இருக்கும்."

ரெஸ்ட் என்ற அந்த வார்த்தைதான் என்னைச் சுட்டது. யாராவது என்னை வேலையிலிருந்து நகர்த்த நினைக்கும்போதெல்லாம் அந்த வார்த்தையைத்தான் கொண்டுவருவார்கள். "காலாண்டு வரைக்கும் டைம் குடுங்க மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். ஆபீஸ் ரூமைக் கடக்கும்போது உன் நாற்காலி கிறீச்சிட்டது. உன் வேலைக்கு வந்திருக்கும் புது கிளார்க் உட்கார்ந்திருந்தார். எனக்கு உன் மேல் கோபம் வந்தது. அது நியாயமில்லாத கோபம் என்று தெரிந்துதான் வந்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்கு நாலு தடவை போனேன். முதல் தடவை, "செவனா? அது போயி எவ்ளோ நாளாச்சு" என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார் கடைக்காரர். இரண்டு நாள் கழித்துப் போனால் மறுபடியும் டென்னையே புதிதாகப் போட்டுக் கொடுத்தார். "இதாங்க லேட்டஸ்ட். ஸ்பீடா இருக்கும்." நான் ஸ்பீடு கேட்கவில்லை என்று சொன்னேன். மூன்றாம் தடவை அவர் என்னிடம் பேசவே இல்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போன ஆட்டோக்காரரிடம், "மேடத்துக்கு இன்னா வேணுமாம்?" என்று கேட்டார். நான் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன். ஆட்டோக்காரர் பாவம், "அவங்களையே கேளுங்க" என்றார்.

நாலாம் தடவை லேப்டாப்பை என் கையில் வைத்துவிட்டார். "இதுல ஏறாதுங்க. பென்டிரைவ்ல போட்டுப் பாத்துட்டேன். ஏதோ டிரைவர் இல்லன்னு வருது."

"ஏதோன்னா? என்ன வருதுன்னு முழுசா படிங்களேன்."

"அதெல்லாம் படிச்சா உங்களுக்குப் புரியாதுங்க. பேஜார் பண்ணாதீங்க டீச்சர்."

கடையை விட்டு வெளியே வந்து, பைபாஸ் பக்கம் லாரிகள் இரைந்துகொண்டிருக்க, அப்படியே நின்றேன். அந்த வாக்கியத்தை நான் முதல் தடவையாகக் கேட்கவில்லை. பத்து வருடத்துக்கு முன்னால் அதே வாக்கியத்தை நீ சொன்னாய்.

அப்போது நீ நம் பள்ளி ஆபீசுக்கு வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்தில் என்னை "டீச்சர், வாங்க, போங்க" என்பாய். வாசல் தாண்டியதும் "இன்னாமா" ஆகிவிடும். சந்தவாசல் பக்கத்துக் கிராமம், அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள், தபால் வழியில் பி.காம். என்று ஒரே மூச்சில் உன் வரலாற்றைச் சொல்லிவிட்டு, "வரலாறு டீச்சர் ஆச்சே, கேட்டு வெச்சிக்கோ" என்று சிரித்தாய். அந்தப் பழைய லேப்டாப்பில் வைரஸ் ஏறி அது தவித்தபோது, ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு நான்தான் எல்லாம் போடுகிறேன், இதற்கும் போட்டுவிடலாம் என்றாய். உன்னை நம்பி உட்கார்ந்தேன். திரையில் வருவதை நீ படிக்க வேண்டும், நான் சொல்வதை நீ அழுத்த வேண்டும். அதுதான் பேச்சு. நீ பாதியைப் படித்தாய். மீதியில், "இது சும்மா", "இது நெக்ஸ்ட்", "இதுவும் நெக்ஸ்ட்" என்று போய்க்கொண்டே இருந்தாய்.

முடிந்து பார்த்தால் இரண்டாவது டிரைவில் இருந்த எல்லாம் அழிந்திருந்தது. ஆரணி ஜாகீர் பற்றிய என் எம்.ஃபில். ஆய்வேடு. மூன்று வருடம் யார் யாரையோ கெஞ்சிப் படிக்கச் சொல்லி, காதால் கேட்டு, நான் அடித்த குறிப்புகள். பாடக் குறிப்புக்கு மட்டும் பென்டிரைவில் நகல் இருந்தது, இதற்கு எடுத்து வைக்காதது என் முட்டாள்தனம். ஆனால் அழிப்பதற்கு முன்னால் அது கேட்டிருக்கும் இல்லையா?

"ஏதோ ஒண்ணு வந்துச்சு. நாலு வரி இங்கிலீஷ். படிச்சா உனக்குப் புரியாதுன்னு ஓகே குடுத்துட்டேன்" என்றாய்.

"எனக்குப் புரியுமா புரியாதான்னு நீ யாரு முடிவு பண்ண?" என்று கேட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நீ ஒண்ணும் என் கண்ணு இல்ல. வெறும் வாய். இருக்கிறத படிக்கிறது மட்டும்தான் உன் வேலை" என்றேன்.

நீ செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. அந்தப் பருவம் முழுக்க நீ என்னிடம் பேசவில்லை. சம்பளப் பதிவேட்டில் நான் கைநாட்டு வைக்கும் இடத்துக்குக் கொண்டுபோய் என் விரலை வைப்பாய். அவ்வளவுதான். அந்த எம்.ஃபிலை நான் முடிக்கவே இல்லை. அதற்கு உன்னை மட்டும் குற்றம் சொல்லிக்கொண்டு பல வருடம் வசதியாக இருந்தேன்.

பொங்கல் லீவு முடிந்து ஒரு இரண்டாம் சனிக்கிழமை நீயே வந்தாய். எண்ணெய் வாசத்தை வைத்துத்தான் வந்திருப்பது நீ என்று தெரிந்துகொண்டேன். "லேப்டாப்ப எடு. திரும்ப முதல்லேர்ந்து போடறேன். இன்னிக்கி ஒரு வரி விடமாட்டேன்" என்றாய். சிடியைப் போட்டாய். முதல் பக்கம் வந்தது. நீ படிக்க ஆரம்பித்தாய். இரண்டாம் பக்கத்தில் அந்த உரிம ஒப்பந்தம் வந்தது. உலகத்தில் எவனும் படிக்காத அந்த நீள ஒப்பந்தத்தை முதல் எழுத்திலிருந்து நீ வாசித்தாய். புரியாத வார்த்தைகளை உடைத்து உடைத்து, தண்ணீர் குடித்து, மறுபடியும். ஒரு மணி நேரம் ஆனதும் நான், "போதும், நெக்ஸ்ட் குடு" என்றேன். "ஏன், புரியலையா உனக்கு?" என்று கேட்டுவிட்டு மேலே போனாய். கடைசி வரி முடிந்ததும் உன் சர்ச்சில் சொல்வது போல "ஆமென்" என்றாய். நான் சிரித்துவிட்டேன். நீயும் சிரித்தாய். மன்னிப்பு என்று ஒன்று இரண்டு பேரும் கேட்கவில்லை.

அன்றைக்கு நீ ஒன்று சொன்னாய். "எங்க தெருவுல இங்கிலீஷ் படிக்கத் தெரிஞ்சவ நான் ஒருத்திதான்மா. எந்த நோட்டீஸ் வந்தாலும் எங்கிட்டதான் தூக்கினு வருவாங்க. முழுசா படிச்சா பயந்துடுவாங்க. அதனால வேணுங்கிறத மட்டும் சொல்லி அனுப்பிடுவேன். அப்படியே பழகிப்போச்சு." அதைக் கேட்டு நான் தலையாட்டினேன். என்னிடம் மட்டும் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டாய் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைக்காரர் கைவிட்ட பிறகு உன் வீட்டுக்காரருக்குத்தான் போன் செய்தேன். செவன் சிடி உன் வீட்டில் இருக்கும் என்ற ஒரே காரணம். லேப்டாப்பின் வலப்பக்க ஓரத்தில், நான் என் சிடியைப் போட்டுப் பார்த்த தட்டு இருந்தது. கடைக்காரர் அதைத் தொட்டே பார்த்திருக்க மாட்டார். பயிற்சி மையத்தில் என்னோடு படித்த ஒரு நண்பரிடம் போனில் கேட்டேன். பென்டிரைவில் வருகிற தகராறு சிடியில் வராது, ஆனால் உள்ளே ஒன்றிரண்டு அமைப்பை மாற்றி, பழைய டிஸ்க்கை முழுக்க அழித்துவிட்டுப் போட வேண்டும் என்றார். அதற்குத் திரையைப் படிக்க ஒரு ஆள் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து உன் வீட்டுக்காரர் வந்தார். துணிப்பையில் உன் சிடிகளைக் கட்டிக் கொண்டுவந்திருந்தார். நீ இருந்தவரை அவரும் நானும் பத்து வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியிருக்க மாட்டோம். லோடு ஆட்டோ ஓட்டிக் காஞ்சிபுரத்துக்குச் சேலை மூட்டைகள் கொண்டுபோகிறவர் என்பதும், நீ பேசும்போது குறுக்கே பேசாத மனிதர் என்பதும்தான் எனக்குத் தெரிந்தது.

"எட்டாவதுதாங்க படிச்சேன். இங்கிலீஷ் எழுத்து தெரியும். சேர்த்துப் படிக்க வராது டீச்சர்" என்றார்.

"எழுத்து தெரிஞ்சா போதுங்க. ஒவ்வொண்ணா சொல்லுங்க. சேர்க்கிறத நான் பாத்துக்கறேன்."

அப்படித்தான் ஆரம்பித்தோம். பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் சிடி சுற்றுகிறதா இல்லையா என்றே எனக்குக் கேட்கவில்லை. அவர் திரைக்குப் பக்கத்தில் குனிந்து, "எஸ், ஈ, சி, யூ, ஆர், ஈ" என்பார். நான் "செக்யூர்" என்பேன். "அப்புறம் கொஞ்சம் இடம் விட்டிருக்கு. பி, ஓ, ஓ, டி." ஒரு வரிக்கு ஐந்து நிமிடம். எனக்குப் பொறுமை போனது. நீ இருந்திருந்தால் அரை நொடியில் படித்திருப்பாய் என்று நினைத்தேன். அடுத்த நொடியே, நீ எதைப் படிக்காமல் விட்டிருப்பாய் என்றும் நினைத்தேன். இந்த மனிதர் எதையும் விடவில்லை. முற்றுப்புள்ளியைக்கூட, "இங்க ஒரு புள்ளி வெச்சிருக்கான்" என்று சொன்னார். எது முக்கியம் என்று அவருக்குத் தெரியாததால் எல்லாவற்றையும் ஒரே மாதிரி சொன்னார்.

இரண்டு தடவை தப்பாகப் போய், இரண்டு தடவை அணைத்து, மறுபடியும் முதலிலிருந்து வந்தோம். இந்த டிஸ்க்கில் போட முடியாது என்று ஒரு செய்தி வந்தது. பழைய பகுதிகளை அழிக்க வேண்டும். நான் அம்புக்குறியை நகர்த்தி, டெலீட் என்று அவர் எழுத்துக்கூட்டிய இடத்தில் நிறுத்தி, எண்டரைத் தட்டினேன்.

"ஏதோ புதுசா ஒரு பொட்டி வந்திருக்கு டீச்சர். நிறைய எழுதியிருக்கு. சொல்லட்டுமா?"

"சொல்லுங்க. ஒண்ணும் விடாதீங்க."

இந்தப் பகுதியில் முக்கியமான கோப்புகள் இருக்கலாம், இதை அழித்தால் இதில் உள்ள எல்லாம் போய்விடும் என்பதுதான் அதன் பொருள். அவர் முழுதாகச் சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. பத்து வருடத்துக்கு முன்னால் நீ ஓகே கொடுத்த நாலு வரியும் இதைப் போன்ற ஒன்றாகத்தான் இருந்திருக்கும். அப்படி ஒன்றை அந்த ஞாயிற்றுக்கிழமைதான் முழுதாகக் கேட்டேன். இந்த டிஸ்க்கில் என்னுடையது எதுவும் இல்லை, யாரோ பீரோக்காரருடையது. ஆனாலும் ஓகேவை அழுத்த என் விரல் வரவில்லை. "அதுக்குக் கீழ இன்னும் ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டேன். "இல்லீங்க, அவ்ளோதான்" என்றார். அழுத்தினேன்.

சாயங்காலம் நாலு மணிக்கு, "படம் வந்துடுச்சு டீச்சர். நீலமா, நடுவுல கொடி மாதிரி இருக்குது" என்றார். செவன் வரும்போது ஒரு சின்ன இசை கேட்கும். அது கேட்கவில்லை. சத்தத்தைக் கூட்டச் சொன்னேன். கூட்டினார். என் மென்பொருளைப் போட்டோம். அது ஏறியது, ஓடியது, பேசிக்கொண்டிருப்பதாகத் திரையில் காட்டியது. ஒரு சத்தமும் இல்லை. ஒலிக்கு வேண்டிய டிரைவர் அந்த சிடியில் கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது. காலை பத்தரையிலிருந்து உட்கார்ந்து, கடைசியில் ஒரு ஊமையை உட்கார வைத்திருக்கிறோம். நான் மேசையில் தலை வைத்துப் படுத்துவிட்டேன். அழுகை வந்தது, உன்னைத் திட்டினேன், வாய்விட்டே திட்டினேன். உன் வீட்டுக்காரர் அங்கே இருக்கிறார் என்பது மறந்துவிட்டது.

அவர் சிடிகளை ஒவ்வொன்றாகத் துணிப்பையில் போட்டார். பிறகு, "நானும் அப்பப்ப திட்டுவேங்க. வண்டி ஓட்டும்போது" என்றார்.

திங்கட்கிழமை பள்ளியில் புது கிளார்க்கிடம் லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருந்த மாடல் எண்ணைப் படிக்கச் சொன்னேன். அவர் இணையத்தில் தேடி, ஒலி டிரைவரைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தார். எரிந்து விழாத மனிதர். உன் நாற்காலியில் உட்கார்ந்ததற்காக அவருக்கு இத்தனை மாதம் நான் சரியாக ஒரு வணக்கம்கூடச் சொல்லவில்லை. செவ்வாய் சாயங்காலம் உன் வீட்டுக்காரர் மறுபடி வந்தார். எழுத்துக்கூட்டினோம், ஏற்றினோம், அணைத்துப் போட்டோம். ஸ்பீக்கரில் சின்னதாக ஒரு டப் சத்தம். பிறகு அந்தத் தகரக் குரல், மூக்கடைத்தது போல, "வ, ணக்கம்" என்றது.

"அட, இதுவா?" என்றார் அவர். "இந்த மாதிரியே அவ வீட்ல பேசிக் காட்டுவாளே. நான் இன்னாத்த பேசறான்னு நினைச்சிகினு இருந்தேன்."

நீ பேசிக் காட்டுவாய் என்பது எனக்குத் தெரியாது. பென்டிரைவைப் போட்டுப் பாடக் குறிப்பைத் திறந்தேன். பன்னிரண்டு வருடமும் வரிசையாக வந்து நின்றது. காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தேன். அவர் காபியைக் குடிக்கவில்லை. டம்ளர் மேசையில் அப்படியே இருந்தது.

"இன்னும் ஒண்ணு இருக்குங்க டீச்சர்" என்றார். துணிப்பையிலிருந்து காகிதம் எடுக்கும் சத்தம் கேட்டது. "அவளோட ஸ்கேன் ரிப்போர்ட். மொத மொத எடுத்தது. துணிக்கு அடியில வெச்சிருந்தா. யார்கிட்டயாச்சும் குடுத்துப் படிக்கச் சொல்லலாம்னு பாத்தேன், மனசு வரல. இப்ப இப்படி எழுத்து எழுத்தா சொன்னா நீங்க சேர்த்துடறீங்களே."

அந்த ரிப்போர்ட்டை எனக்குத் தெரியும். வயிற்று வலி என்று ஸ்கேன் எடுத்துக்கொண்டு நேராக என் வீட்டுக்குத்தான் வந்தாய். படி என்றேன். லிவர் நார்மல், கிட்னி நார்மல், ஸ்ப்ளீன் நார்மல் என்று வரிசையாக வாசித்தாய். "ஒரு வரி விடாம படிச்சியா?" என்று கேட்டேன். "விடல டீச்சர்" என்றாய். வீட்டில் நீ என்னை டீச்சர் என்று சொல்ல மாட்டாய். அதை அன்றைக்கே நான் கவனித்திருக்க வேண்டும். எட்டு மாதம் கழித்து உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, இவ்வளவு முற்றும் வரை எப்படித் தெரியாமல் போனது என்று எல்லோரும் கேட்டார்கள். நானும் கேட்டேன்.

அவர் மேலிருந்து ஆரம்பித்தார். உன் பெயர், வயது, தேதி. நீ என் வீட்டுக்கு வந்த அதே நாள். லிவர், கிட்னி, ஸ்ப்ளீன் எல்லாம் நீ படித்தபடியே இருந்தன. பிறகு, "ஆர், ஐ, ஜி, எச், டி" என்றார். வலது. "ஓ, வி, ஏ, ஆர், ஒய்." கருப்பைக்குப் பக்கத்தில் உள்ள சினைப்பை. "எம், ஏ, எஸ், எஸ்." அதற்கு மேல் அவர் சொன்ன எண்களும் எழுத்துகளும் என் காதில் தனித்தனியாக விழுந்தன. கட்டி, இவ்வளவு பெரிது, புற்று என்ற சந்தேகம், உடனே மேல் சிகிச்சைக்குப் போக வேண்டும்.

"முடிஞ்சிடுச்சு. ஒரு புள்ளி வெச்சிருக்கான்" என்றார். "இன்னா டீச்சர் அது?"

எனக்கு அந்த வரி தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரியாது. எழுத்து எல்லாம் அவர் சொன்னதுதான், பொருள் என்னிடம் மட்டும் இருந்தது. "ஒண்ணுமில்லீங்க, நார்மல்தான்" என்று சொல்லிவிட்டால் அவர் காபியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார். நாளைக்கு மூட்டை ஏற்ற வேண்டிய மனிதர். உன் பெண் காலேஜில் இருக்கிறாள். போனவளைப் பற்றி இனி இதைத் தெரிந்து யாருக்கு என்ன ஆகப்போகிறது? இத்தனையும் ஒரு மூச்சுக்குள் எனக்குத் தோன்றிவிட்டது. நாக்கு அந்தப் பொய்யை எடுத்து வைத்துக்கொண்டு தயாராக இருந்தது. உன் தெருவில் நோட்டீசோடு வந்து நின்றவர்கள் முன்னால் நீ எப்படி உட்கார்ந்திருப்பாய் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

சொன்னேன். ஒரு வரி விடாமல், தமிழில், நிதானமாகச் சொன்னேன்.

அவர் காகிதத்தை மடித்தார். மடித்த மடிப்பைத் திரும்பத் திரும்ப விரலால் தேய்க்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"எங்கிட்டயும் நார்மல்னுதாங்க சொன்னா" என்றார். "எட்டு மாசம். பாப்பாவ காலேஜ் சேத்தது, போன கிறிஸ்துமஸுக்கு முந்தின கிறிஸ்துமஸ், எங்க அக்கா பையன் கல்யாணம். எல்லாத்துக்கும் வந்துகினுதானே இருந்தா."

"பயந்திருப்பாங்களா?" என்று கேட்டேன்.

"பயந்திருப்பா. நாம பயந்துடுவோம்னும் நினைச்சிருப்பா. எனக்கு இன்னாத்த தெரியும்." எழுந்தார். "நீங்க சொல்லிட்டீங்க. அது போதும்."

வாசல் வரை போனேன். வண்டி கிளம்பத் தாமதமானது. அவர் உள்ளே உட்கார்ந்திருந்தார் என்று நினைக்கிறேன். பிறகு கிளம்பிப் போனது.

வெள்ளிக்கிழமை ப்ளஸ் டூவுக்குத் தேர்வு வைத்தேன். கேள்வித்தாள் முழுக்க என் குறிப்பிலிருந்து, அந்தத் தகரக் குரல் படிக்கப் படிக்க நானே எடுத்தது. தலைமை ஆசிரியை வந்து கொஞ்ச நேரம் வகுப்பின் பின்பக்கம் நின்றிருந்ததாகப் பிள்ளைகள் சொன்னார்கள். வேறு டீச்சர் என்ற பேச்சு அப்புறம் வரவில்லை.

உன் மேல் கோபம் இருக்கிறது. அதை மறைத்து உனக்கு நல்ல வார்த்தையாக எழுத எனக்கு வரவில்லை. என்னிடம் வந்து உட்கார்ந்து, காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த வரியைத் தாண்டினாயே. நீ படித்திருந்தால் உன்னை இழுத்துக்கொண்டு வேலூரோ சென்னையோ போயிருப்பேன், என் தடியை ஊன்றிக்கொண்டாவது. பிழைத்திருப்பாயோ என்னவோ, ஒரு வாய்ப்பாவது இருந்திருக்கும். அந்த வாய்ப்பு இருந்ததா என்று முடிவு செய்யும் உரிமையை நீ யாருக்கும் தரவில்லை.

ஆனால் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அந்தக் கோபத்தோடு இன்னொன்றும் கூடவே வருகிறது. அந்த வரியை நான் ஒரு மூச்சு நேரம் தனியாக வைத்திருந்தேன். அதற்குள் என் நாக்கு ஒரு பொய்யைத் தேடிப் போய்விட்டது. நீ அதை எட்டு மாதம் தனியாக வைத்திருந்தாய். சோறு பொங்கினாய், ஆபீசுக்கு வந்தாய், சனிக்கிழமை சனிக்கிழமை என் பக்கத்தில் உட்கார்ந்து மற்ற எல்லாவற்றையும் எனக்குப் படித்துக் காட்டினாய்.